மாமாவின் இடது கால்

நேற்றுக் காலை குமணன்சாவடிக் கூட்டுரோட்டில் டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். கார் ஓட்டப் பழகும் பெண் ஒருத்தி எனக்கு எதிரே வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். கியர் 'கர்ர்ர்' என்று கத்தியது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை நான் அங்கே இல்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கும். சில சத்தங்கள் எதற்கு என்று சொல்லாமலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன.

வெள்ளைக்காரன் காலம் அது. பூந்தமல்லிக்கும் பட்டணத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் என் அக்கா கன்னியம்மாவின் புருஷன், மாணிக்கம் மாமா. அவர் சொல்லித்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. வண்டி நகர்ந்ததும் தூங்கி விழுகிற கண்டக்டரை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் தூங்காமல் என்ன செய்வது, சொல்லுங்கள். விடியற்காலையில் மல்லிகைக் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். பூ வாசத்தில் பெட்ரோல் வாசம் கலந்து தலையை லேசாகக் கிறக்கும். இருபுறமும் புளியமரங்கள், அவற்றுக்கு அப்பால் ஏரிமேல் பனி. பஸ் பனிக்குள் போகிறதா, பனி பஸ்ஸுக்குள் வருகிறதா என்று தெரியாது.

அந்த நாள் வண்டிகளில் கியர் மாற்றுவது லேசான காரியம் இல்லை. கிளட்சை ஒரு தடவை மிதித்துப் பழைய கியரிலிருந்து எடுக்க வேண்டும். காலை விட்டு, மறுபடி மிதித்து, அடுத்ததில் போட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பல்லோடு பல் உரசிக் கத்தும். மாமா மாற்றினால் யாருக்கும் தெரியாது. தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதுபோல் மாற்றுவார்.

அந்த ஐப்பசி மழையில்தான் வண்டி கத்த ஆரம்பித்தது. முதலில் கூவத்துப் பாலத்து மேட்டில் மட்டும். அப்புறம் எங்கே கியர் மாற்றினாலும்.

"இன்னா மாணிக்கம், வண்டிக்குப் பல்லு நோவா?" என்று ஒரு பூக்காரி கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

ஷெட்டில் வண்டி பழுதுபார்க்கும் காதர் மேஸ்திரி கியர் ஆயிலைத் தட்டில் வடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். பல் தேய்ந்திருந்தால் இரும்புத்தூள் நெருடும். நெருடவில்லை. கெட்டியான ஆயில் ஊற்றினார், சத்தம் போகவில்லை. கிளட்சை முறுக்கிச் சரிசெய்தார்; அப்போதும் போகவில்லை. கடைசியில் தாமே ஏறி வேலப்பன்சாவடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

"வண்டி நல்லாதான் கீது மாணிக்கம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதம் வேறு ஆள் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டதாக மறுநாள் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஷெட்டில் நானும் மாமாவும்தான் இருந்தோம். மாமா சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்னவோ தோன்றி, கீழே குனிந்து, அவர் காலடியில் தலையை நுழைத்துக்கொண்டேன்.

"மாமா, கிளட்ச மிதி."

"மிதிச்சிட்டேன்."

"முழுசா மிதி மாமா."

"முழுசாதான் மச்சான் மிதிச்சிகினு கீறேன்!"

பெடலுக்கும் பலகைக்கும் நடுவே என் நாலு விரலும் தாராளமாகப் போய் வந்தன. பாதி மிதித்த கிளட்சில் எந்தக் கியர்தான் கத்தாமல் விழும்? நான் அவர் இடது கால் விரலைக் கிள்ளினேன். பலமாகத்தான்.

"இன்னாடா பண்ற கீழ?"

"கிள்றேன் மாமா."

"எங்கடா கிள்ற?"

தகரக் கூரையில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மரத்துப்போன கால் என்றால் அந்த நாளில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பெருவியாதிதான், குஷ்டம். அந்தப் பேரைச் சொன்னாலே ஊரில் கிணற்றடியை மூடிவிடுவார்கள். "உங்கக்காகிட்ட சொல்லிடாத" என்றார் மாமா. அன்றிரவு அவர் வீட்டுக்குள் படுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் கோணியை விரித்துக்கொண்டார். தன் தட்டைத் தானே கழுவிக் கொட்டகையிலேயே கவிழ்த்துவைத்தார்.

அக்கா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"செருப்பு கயண்டு வாசல்லியே கெடக்குது, நீ பாட்டுக்கு உள்ள வந்துகினே கீற. ஒரு மாசமா பாத்துகினுதான் கீறேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம், பிரயாணிகளாக, நாங்கள் ஓட்டாத ஒரு பஸ்ஸில். டாக்டர் இளவயசுக்காரர். மாமாவின் இரண்டு கால்களையும் தட்டினார், குண்டூசியால் தொட்டார். வலது காலும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. தோலில் ஒரு தேமல்கூட இல்லை என்று பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாமல் "என்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "மிசின்ல தீட்டின பச்சரிசிங்க. மல்லிப்பூ கணக்கா இருக்கும். நாலு தண்ணி களைஞ்சி, கஞ்சி வடிச்சிதான் போடுவேன். பட்டணம் போய் வர ஆளாச்சே. எனக்கும் தம்பிக்கும் கேவுரு களிதாங்க."

டாக்டர் என் காலையும் அக்கா காலையும் தட்டிப் பார்த்தார். இரண்டும் துள்ளின. அப்புறம் கொஞ்ச நேரம் எழுதுகிறமாதிரி குனிந்துகொண்டே இருந்தார். எப்படிச் சொல்வதென்று யோசித்தார்போல.

"பெருவியாதி இல்லையம்மா. பயப்படாதீங்க. இது பெரிபெரி, சத்துக் குறைவால் வருகிற நோய். அரிசியில் இருக்கிற சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறது."

மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிழைத்துவிட்டோம் என்ற அழுகை அது. அக்கா அழவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளிடம் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த மௌனம் என்னைச் சங்கடப்படுத்துகிறது. வீட்டில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து, தன் பங்கையும் சேர்த்து, அவர் தட்டில் போட்டவள் அவள்.

மறுநாளிலிருந்து எங்களுக்கு ஒரே பானை. அக்கா தானே உரலில் குத்திய புழுங்கலரிசிச் சோறும் கேழ்வரகும் மூவருக்கும். மாமாவுக்கு மட்டும் கூடுதலாக, தவிட்டை வறுத்து வெல்லம் போட்டுப் பிடித்த உருண்டை.

"மாட்டுக்கு வெக்கிறத எனக்கு வெக்கிறியா?" என்றார் மாமா.

"மாடு ஒயுங்கா நடக்குது இல்ல? துன்னு."

வேறு டிரைவரோடு நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாமா கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினார். அக்கா தினமும் அவர் காலைக் கிள்ளுவாள். மார்கழியில் ஒருநாள் "ஐயோ, சண்டாளி!" என்று அவர் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். காலைத் தேய்த்துக்கொண்டு அவரும் சிரிக்கிறார், அவளும் சிரிக்கிறாள்.

தை முடிந்து வண்டி அவர் கைக்கு வந்தது. காதர் மேஸ்திரிதான் முதலாளியிடம் பேசினார். அன்று அக்கா, தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். மாமா ஓட்டி அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரிலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் கை கியர்க் கம்பிக்குப் போகும்போதெல்லாம் கண்ணை மூடினாள். ஒன்றும் கத்தவில்லை. பாலத்து மேட்டிலும் கத்தவில்லை. மேட்டைத் தாண்டியதும் அவள் கை கம்பியிலிருந்து தானாக நழுவிற்று.

"இன்னா சொல்றா உங்கக்கா?" என்று திரும்பாமலே கேட்டார் மாமா.

"தூங்குது மாமா."

வண்டியின் வேகம் குறைந்தது. மார்க்கெட்டுக்கு நேரமாகிறதென்று யாரோ முணுமுணுத்தபோது, அந்தப் பல்லு நோவுப் பூக்காரிதான் அதட்டினாள்: "உடு. பாவம், தூங்கட்டும்."

ஏரியைத் தூர்த்து வீடு கட்டியாயிற்று. சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டியாயிற்று. மாமா போய், அவருக்குப் பின்னால் அக்காவும் போய்விட்டாள். மனிதர்களும் மரங்களும் போவது புரிகிறது. முன்சீட்டில் ஒருத்தி தூங்குகிறாள் என்று அமிஞ்சிக்கரை வரைக்கும் ஒரு பஸ்ஸே குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்ததே, அது எந்த நிறுத்தத்தில் இறங்கிப்போயிற்று என்றுதான் எனக்குத் தெரியவில்லை.