வராமல் இருக்க நட்ட செடி

குணேஸ்வரிக்குத் தன் புருஷனின் கல்லறைக்குப் போகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாவம், புருஷனை இழந்த பெண் என்று உச்சுக் கொட்டிக்கொண்டு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவளுக்கு அந்த உச்சுக்கொட்டல் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை.

பதினான்கு வருஷம் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கிறிஸ்தோப்பர் எடுத்துக்கொண்டான். ஹனோவரில் அவர்களுடைய இரண்டறை வீட்டில், கோயிலில் பூசை முடிந்த கையோடு நாலைந்து கூட்டாளிகள் வந்து மேசையைச் சுற்றி உட்காருவார்கள். குணேஸ்வரி ஆட்டிறைச்சி காய்ச்ச வேண்டும். போத்தல் பாதிக்கு இறங்கியதும் கறியில் உப்புக் கூடிவிடும், அல்லது குறைந்துவிடும், அதன்பிறகு கோப்பை பறக்கும். அந்த மேசையில் பெரிய கதிரை கிறிஸ்தோப்பரின் தமையன் யோசப்புக்கு. தம்பி கோப்பையை எறியும்போது அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகட்டில் அப்படி என்ன இருந்ததோ தெரியாது.

1999 மாசியில் ஈரல் கெட்டுக் கிறிஸ்தோப்பர் செத்தான். இனி ஞாயிறு நம்முடையது என்று குணேஸ்வரி நினைத்தது எவ்வளவு மடத்தனம். ஜெர்மனியில் கல்லறை என்பது இருபத்தைந்து வருஷத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போடுகிற காரியம். போட்டவள் அவள். புல் முளைக்கக்கூடாது, பூ வாடக்கூடாது. யோசப் அதற்கு மேலே ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்து தண்ணீர் ஊற்றி மெழுகுதிரி கொளுத்த வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை ஊர் முழுக்கத் தொலைபேசி அடிப்பார்.

“சைவக்காரருக்குச் சவக்காலையைப் பற்றி என்ன தெரியும்? எரிச்சுக் கரைச்சுப்போட்டுத் தலை முழுகிற ஆக்கள்,” என்பது அவருடைய ஆரம்ப வசனம். அவள் சைவக் குடும்பத்திலிருந்து வந்தவள் என்பதை அவர் ஒருநாளும் மன்னிக்கவில்லை.

முதல் கோடையில் அவள் பிகோனியா நட்டாள். இரண்டு ஞாயிறு போகவில்லை, காய்ந்து கருகிவிட்டது. கல்லறைக் கல்லில் சவக்காலையை நிர்வகிக்கிற கந்தோர் மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனது: பராமரிப்பில்லாத கல்லறை, உரியவர் உடனே வரவும். யோசப் அந்த நோட்டீஸைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

குணேஸ்வரி வேலை செய்தது நகரத்துக்கு வெளியே ஒரு நாற்றுத் தோட்டத்தில். நாள் முழுக்கச் சின்னச் சட்டிகளில் செடி மாற்றி வைக்கிற வேலை. அங்கேதான் ஹவுஸ்வுர்ஸ் அவள் கைக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற செடி, தடித்த இலைகள் அடுக்கடுக்காகத் தாமரை மாதிரி விரிந்திருக்கும். தமிழில் அதற்குப் பெயர் இல்லை என்பதால் அவளே கல்லுத்தாமரை என்று வைத்தாள். பனிக்குள் புதைந்து கிடந்தாலும் சாகாது. குளிருக்கு இலைகளை இறுக்கி மூடிச் சிவந்துபோய் இருக்கும், வசந்தத்தில் மறுபடி விரியும். உரம் கேட்காது, தண்ணீர் கேட்காது. கேட்காத ஒரு உயிரை அவள் தன் வாழ்க்கையில் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில் அவளுக்கு அப்படியொரு ஆசை வந்துவிட்டது.

2001 வசந்தத்தில் கல்லறை மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தாள். பாதிக்குப் பாதி சரளைக்கல்லும் மணலும் கலந்து நிரப்பினாள். முப்பது செடி நட்டாள். கோடை முழுக்க ஒரு நாளும் போகவில்லை. செடிகள் கொழுத்து, தாயைச் சுற்றிக் குட்டிகள் கிளம்பின. மஞ்சள் நோட்டீஸ் வரவில்லை. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அவள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் படுத்திருந்தாள்.

யோசப்புக்கு இது பொறுக்குமா? கார்த்திகையில் ஜெர்மன்காரர் கல்லறைகளை ஊசியிலைக் கிளைகளால் மூடுவதைப் பார்த்தார். அவர்கள் ஒரு அடுக்குப் போட்டால் இவர் மூன்று அடுக்குப் போட்டார். அதற்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேலே செங்கல். “தம்பிக்குக் குளிரும்,” என்றாராம். உயிரோடு இருக்கையில் அவன் எறிந்த கோப்பை யார் தலையில் பட்டது என்று கேட்காத மனுஷனுக்கு, செத்தபிறகு அவன் குளிரைப் பற்றி இவ்வளவு கவலை.

பங்குனியில் அவள் போய் விரிப்பைத் தூக்கினாள். அழுகல் நாற்றம் அடித்தது. இந்தச் செடியைக் குளிர் கொல்லாது, ஈரம்தான் கொல்லும். நாலு மாதம் காற்றுப் படாமல், நீர் வடியாமல், முப்பது செடியும் அழுகிக் கூழாகியிருந்தன. குணேஸ்வரி புருஷன் செத்தபோது அழவில்லை. அன்றைக்கு அழுதாள், ஆத்திரத்தில்.

ஓரத்தில் கல்லோடு ஒட்டிப் பதினொரு குட்டிகள் தப்பியிருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பல்கனியில் வடிதட்டு, அடியில் துளை போட்ட பழைய ரைஸ் குக்கர் சட்டி, தகர டப்பா, எது நீரை நிறுத்தாமல் விடுமோ அதிலெல்லாம் வைத்தாள். வேலைத்தலத்தில் கழித்துப்போட்ட செடிகளையும் கேட்டு வாங்கினாள். வைகாசிக்குள் கல்லறை மறுபடி நிரம்பியது, பல்கனியும் நிரம்பியது.

2002 நவம்பர் இரண்டு, கத்தோலிக்கர் தங்கள் இறந்தவர்களைப் பார்க்கப் போகும் நாள். சனிக்கிழமையாகவும் அமைந்ததால் சொந்தம் முழுக்கச் சவக்காலையில் நின்றது. யோசப் இந்த முறையும் விரிப்பும் கிளைகளுமாக வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்லம் மெழுகுதிரிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூட வேண்டாம் அத்தான். அழுகிப்போகும்,” என்றாள் குணேஸ்வரி.

யோசப் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தொண்டையைச் செருமினார். “இஞ்ச பாருங்கோ. தண்ணி ஊத்தத் தேவையில்லாத செடியாப் பாத்து நட்டிருக்கிறா. ஏன் எண்டு விளங்குதோ? இது வராத ஆக்கள் நடுற செடி. வராமல் இருக்கத்தானே நட்டனீர்?”

அவள் மறுப்பாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“ஓம்,” என்றாள். “வராமல் இருக்கத்தான் நட்டனான். பதினாலு வருசம் ஞாயிறு ஞாயிறா உங்களுக்கும் உங்கட தம்பிக்கும் காய்ச்சிப் போட்டனான். அவர் எறிஞ்ச கோப்பை இதில பட்டுது.” புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். “நீங்களும் அந்த மேசையில இருந்தனீங்கள் அத்தான். என்னால இனி ஏலாது. என்ர ஞாயிறு எனக்கு வேணும்.”

செல்லம் நிலத்தைப் பார்த்தாள். யோசப்பின் கன்னம் துடித்தது.

“இனி நீர் இந்தச் சவக்காலையில கால் வைக்கக்கூடாது. என்ர தம்பியை நான் பாப்பன். ஒவ்வொரு ஞாயிறும் நான் வருவன்.”

“சொன்ன சொல்லு நிக்கட்டும். கந்தோரில ரேர்மின் எடுத்து நாள் குறிக்கிறன். கல்லறைப் பத்திரத்தை உங்கட பேருக்கு மாத்துவம்.”

இவ்வளவு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை விழுங்க அவரால் முடியவில்லை. குணேஸ்வரி கைப்பையிலிருந்து சின்னக் கரண்டியை எடுத்து முழங்காலில் இருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு செடியாக வேரோடு கிளப்பிப் பையில் போட்டாள். அரைமணி நேரம் எடுத்தது. கடைசியில் கிறிஸ்தோப்பருக்கு மிஞ்சியது வெறும் சரளை. அடுத்த கிழமை யோசப் கந்தோருக்கு வந்து முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

2003 கோடையில் வெய்யில் ஜெர்மனியை வறுத்து எடுத்தது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குணேஸ்வரி பல்கனியில் இருந்து குட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பெருக்கம் அதிகம், இடம் போதவில்லை. வேலைத்தலத்துக்கும் கொடுத்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்து, மிச்சம் ஒரு வாளிக்கு வந்தது. அப்போது தொலைபேசி அடித்தது.

யோசப். சுகம் விசாரித்தார், வெய்யிலைப் பற்றிச் சொன்னார், குனிய விடாத நாரிப்பிடிப்பைப் பற்றிச் சொன்னார். சுற்றி வளைத்து மெல்ல மெல்ல விஷயத்துக்கு வந்தார். ஊற்ற ஊற்றச் சரளை தண்ணீரை நிறுத்துவதில்லை. மூன்று தரம் பிகோனியா வைத்தும் கருகிப்போனது. நேற்றுக் கல்லில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், இந்த முறை அவருடைய பெயரில்.

“நாரி ஏலாது, ஒவ்வொரு கிழமையும் வாளி தூக்கேலாது. உம்மட அந்தச் செடியில ஒரு முப்பது தந்தீரெண்டா...”

குணேஸ்வரி மடியில் கிடந்த குட்டிகளைப் பார்த்தாள். முப்பதுக்கு மேலேயே இருந்தன.

“அது வராத ஆக்களின்ர செடி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்,” என்றாள். “நீங்கள் வாற ஆள் அத்தான்.”

தொலைபேசியை வைத்தாள். நல்ல குட்டிகளைக் குப்பையில் போட அவளுக்கு எப்போதும் மனம் வராது. அன்றைக்கு வந்தது.