புள்ளிப் பெட்டி

காப்பீட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஆபரேட்டரம்மா. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் தொலைபேசிப் பலகையின் முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஹலோ சொல்லி முடிப்பதற்குள் ஆளைத் தெரிந்துகொண்டுவிடுவாள். உடம்பு சரியில்லை என்று ஒருவர் இருமிக்கொண்டே விடுப்புச் சொன்னபோது, “ஸ்டேஷன் அறிவிப்பு முடியட்டும் சார், அப்புறம் இருமுங்க” என்றாள்.

அவள் கணவருக்கும் பார்வை இல்லை. அதே அலுவலகத்தில் தட்டச்சர். கல்யாணத்துக்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. தோற்றதாக இருவருமே ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்குக் காது மங்கியது. ஒரு அழைப்பைத் தவறான ஆளுக்குக் கொடுத்த அன்று, யாரும் கேட்பதற்கு முன்பே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறகு காதும் முழுக்கப் போயிற்று. பிரிவுபசாரத்தில் அலுவலகம் கொடுத்ததுதான் அந்தப் பெட்டி. முன்விளிம்பில் ஒரு வரிசை நுண்துளைகள். கணவர் தட்டச்சுப் பலகையில் அடிப்பது அந்தத் துளைகளில் பிரெயில் புள்ளிகளாக எழும்பும். அவள் விரலால் படித்து வாயால் பதில் சொல்வாள். இருவரும் அதைப் புள்ளிப் பெட்டி என்றார்கள்.

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குது” என்று அவர் அடிப்பார்.

“கேக்கட்டுமே. எனக்குத்தான் கேக்கல, அவங்களாவது கேக்கட்டும்.”

அவர் கை வேகமான கை. அவள் வாய் முடிவதற்குள் பதில் எழும்பிவிடும். வாதம் தனக்கு எதிராகத் திரும்பினால் அவள் பெட்டியிலிருந்து விரலை எடுத்துவிடுவாள். அவருடைய கூர்மையான பதில்கள் யாரும் தொடாமல் எழுந்து அமிழும்.

சில வருஷங்களில் சில புள்ளிகள் எழ மறுத்தன. அவள் ஊகித்துப் படித்தாள். ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று அவர் அடித்தார்.

“குடுத்தா மாசக்கணக்குல வச்சுக்குவான். அதுவரைக்கும் நான் மரக்கட்டையா உக்காந்திருக்கவா?”

அவர் வற்புறுத்தவில்லை. ஒரு காலையில் பாதி வரிசை எழவில்லை. மாலைக்குள் மீதியும் படுத்தது.

மகன் இருவரையும் கடைக்கு அழைத்துப் போனான். மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார்.

“செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல சார். போன வருஷம் வந்திருந்தா பழைய பெட்டி ஒண்ணு கிடந்துச்சு, அதுலேருந்து எடுத்துப் போட்டிருப்பேன். இப்ப எல்லாம் டச் ஸ்க்ரீன்தான். விரல வச்சாப் போதும், எது எங்க இருக்குன்னு அதுவே சொல்லிடும்.”

“சொல்லும். இவளுக்கு யாரு சொல்றது?” என்றார் கணவர்.

“என்ன சொல்றான்? எப்பக் குடுப்பானாம்?” அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. “நாளைக்கா? நாளைக்குன்னா கையை அழுத்துங்க.”

அவர் அழுத்தினார்.

புதுப் பெட்டியின் விலையை மகன் விசாரித்தான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அப்பாவுக்காக ஒரு டச் போன் வாங்கி வந்தான். அம்மாவும் தொட்டுப் பார்க்கட்டும் என்று அவள் கையில் வைத்தான். அவள் அதன் நான்கு ஓரத்தையும் தடவினாள். பிறகு கண்ணாடியை. விரல் நகர நகர அது பேசிக்கொண்டே வந்தது. கடிகாரம். செய்திகள். இசை. அவளைத் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

“இது எங்கடா ஆரம்பிக்குது?” என்றாள்.

கடைசியில் பிரெயில் எழுதும் பழைய முறைதான். துளைகள் வெட்டிய சட்டத்தில் தடித்த காகிதத்தைச் செருகி, ஒவ்வொரு புள்ளியாக ஊசியால் குத்த வேண்டும். வலமிருந்து இடமாக. பிறகு காகிதத்தைப் புரட்டிக் கொடுத்தால்தான் மறுபக்கம் எழும்பிய புள்ளிகளை அவள் படிக்க முடியும். கடையில் மெக்கானிக் சொன்னதை முதலில் குத்திக் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்தாள். கை அழுத்தியதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மாத்திரை. ஞாயிறு மகன் வருகிறான். மழை. இவற்றுக்குக் காகிதம் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவர் போட்ட தேநீரை அவள் ஒரு வாய் குடித்தாள்.

“பாத்திரம் கழுவின தண்ணிய சூடு பண்ணிக் குடுத்தீங்களா?”

கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். வேண்டுமென்றே சண்டைக்கு இழுக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்குப் பதிலும் வந்துவிட்டது, அவளை ஒரு வாரம் வாயடைக்கச் செய்யும் பதில். காகிதத்தைச் செருகி முதல் வார்த்தையைக் குத்தினார். இரண்டாவதின் பாதியில், பதிலை முடிக்க இன்னும் எத்தனை புள்ளி குத்த வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள்.

அவர் காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகினார். சீக்கிரம் முடித்துக் கொடுத்தார்.

‘சரி’ என்று மட்டும் இருந்தது.

அவள் திரும்பத் திரும்பத் தடவினாள். காகிதத்தின் அடி வரைக்கும் விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“சரியா? என்னங்க, சரின்னா போட்டிருக்கீங்க?”

அவர் அவள் கையை அழுத்தினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.