மோட்டாருக்குப் பொறுக்கிய தோல்

"...இந்த ஊர்ல இருந்துக்கினு தோலுக்கு மெட்ராசுக்குக் கடுதாசி போட்டா, நம்மள இன்னான்னு நெனைப்பாங்க மாப்ள?" என்று மாமா கேட்டபோது, அப்பா மோட்டாரின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஆம்பூரில் அப்பா வாடகைக்கு ஓட்டிய அந்த மோட்டார், யாரோ ஒரு துரை ஓட்டித் தேய்த்துவிட்டுப் போனது. பள்ளத்தில் இறங்கினால் அடியிலிருக்கும் வில்பட்டை ஸ்பிரிங் ஒருதரம் தூக்கிப்போடும். அதோடு விடாது; விக்கல் மாதிரி மேலும் மேலும் தூக்கிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தத்தான் பின்சக்கரங்களை ஒட்டி இரும்புக் கைகளும், கைகளுக்கு நடுவே வட்டமான தோல் வில்லைகளும் இருந்தன. ஷாக்கு என்பார் அப்பா. வில்லைகள் தேய்ந்து காகிதமாகியிருந்தன.

அவசரமெல்லாம் சித்திக்காக. அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைக்குட்டித் தங்கை. பிரசவத்துக்கு அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். முதல் பிள்ளை மாட்டுவண்டிக் குலுக்கலில் கலைந்துபோனதாக வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாமாவுக்குத் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. கண்ணை மூடித் தோலைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "இது ராணி" என்பார், "இது கழிசல்" என்று வீசுவார். மோட்டாருக்கு அவர் கொண்டுவந்தது ராணிகளுக்கெல்லாம் ராணி. எண்ணெய் குடித்துக் குடித்து வெண்ணெய்போல் மெத்தென்று இருந்தது.

"தங்கச்சி ஏர்ற வண்டி. இதுல போயி கழிசலப் போடுவனா?"

சோதனைக்கு அம்மா கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டை அடுக்கி, பின்சீட்டில் என் மடியில் வைத்தாள். ஊர் எல்லைவரை போய்வந்தோம். மோட்டார் முன்னைவிட ஜாஸ்தியாகக் குதித்தது. திரும்பி வந்தபோது என் பாவாடையில்தான் முட்டை இருந்தது, கூடையில் இல்லை. சித்தி எட்டிப் பார்த்து, "நான் நடந்தே போய்ட்றேண்ணா" என்றாள்.

"வேலூர் இன்னா பக்கத்துத் தெருவா?" என்று அதட்டினார் மாமா. முட்டைக்குப் போய் இத்தனை பேர் முகம் வாடுவானேன் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

வில்லைகளைக் கழற்றினார்கள். இரும்பெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு. "புடிச்சு நிறுத்தத்தானே மச்சான் இத போடறது? இது வழுக்குதே" என்றார் அப்பா. மாமா மண்டிக்குப் போனார். தாமே வீசிய கழிசல் குவியலில் துழாவி, பலகைபோல் காய்ந்து விறைத்த துண்டுகளாகப் பார்த்துக் கொண்டுவந்தார். அப்பா அவற்றை வெட்டிப் போட்டு முறுக்கினார்.

இரண்டாவது ஓட்டத்தில் ஒரே ஒரு முட்டை விரிசல் விட்டது.

"ஒண்ணுதானே" என்றாள் அம்மா.

"அந்த ஒண்ணும் கூடாது" என்றார் மாமா.

புறப்பட்ட காலையில் மாமா வீட்டில் இல்லை. கழிசலைப் பொறுக்கிய வெட்கத்தில் எங்கோ ஒளிந்துகொண்டார் என்று எண்ணினேன். ஊரைத் தாண்டியதும் ரோட்டில் அங்கங்கே கறுப்பாக, ஈரமாக என்னவோ கிடந்தது. தோல் ஊறவைத்துச் சாறு போன ஆவாரம்பட்டைச் சக்கை. தோல் வண்டிகள் பறித்த பள்ளங்களெல்லாம் அதனால் நிரம்பியிருந்தன. மோட்டார் மெத்தைமேல் போவதுபோல் போயிற்று. சித்தி வயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

ஒரு வளைவில் மண்டி வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் முழங்கால்வரை சக்கை அப்பிய மாமா. ஒதுங்கி நின்று சக்கரத்தை மட்டும் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. தரம் பார்க்கிறவரைக் குப்பை வாரவிட்டார்களே, தப்பான தோலைக் கொடுத்ததற்குத் தண்டனை போலும் என்று பரிதாபப்பட்டேன்.

பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள்தான் தாண்டிப் போய்விட்டோமே, இனி எதற்குப் பள்ளத்தை நிரப்புகிறார்? போன சித்தி இதே வழியில் திரும்பி வருவாள், வரும்போது மடியில் இன்னொரு ஆள் இருக்கும் என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை. மாமா இன்னொரு கூடைச் சக்கையைக் கொட்டி, எங்கள் சக்கரம் பெயர்த்த இடத்தைக் காலால் மிதித்து மிதித்து அமுக்கினார்.