தண்டபாணி தூக்கிப் போடாத ஆமை

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் தண்டபாணிக்குப் பேச்சு குறைவு. கோபம் வந்தால் பீடியைக் கடிப்பார், அவ்வளவுதான். அவர் படகில் எனக்குச் சமையல் வேலை. என் மகள் ஜெயஸ்ரீக்குப் பெண் குழந்தை பிறந்திருந்த தை மாதம் அது. பேத்தி முகம் கண்ணிலேயே நிற்கச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தாத்தா, சோத்தப் பாத்து இளிச்சுகினு கீற?" என்றான் வலை இழுக்கும் ரஞ்சித்.

விடிந்ததும் வலையைத் தூக்கினோம். மீனோடு சேர்ந்து, பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்லும் கடலாமை ஒன்று தொப்பென்று விழுந்தது. முட்டையிடக் கரைக்கு வந்த ஆமை. தலை தொங்கியது.

"செத்துப்போச்சு நைனா. கடாசிடலாம்" என்றான் ரஞ்சித் தண்டபாணியிடம்.

கடலில் வீசிவிடுவதுதான் எல்லாப் படகிலும் வழக்கம். ஆமையோடு பிடிபட்டால் கேஸ், ஜெயில். தண்டபாணி அதன் கண்ணோரத்தை விரலால் தொட்டார். இமை துடித்தது.

"உசுரு கீதுடா. மயக்கம். இப்ப தண்ணில போட்டா மூச்சு முட்டிப் பூடும்."

அதன் பின்பக்கத்தைக் கயிற்றுச் சுருள்மேல் உயர்த்தி வைத்தார். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நான் ஈரச் சாக்கைப் போர்த்தினேன்.

அப்போதுதான் எண்ணூர்ப் பக்கமிருந்து ரோந்துப் படகு வந்தது.

"நைனா, பேஜாராப் பூடும்! தள்ளிடு!" ரஞ்சித் ஆமைமேல் கை வைத்தான்.

"கைய எடு."

"நீ உள்ள போனா உன் வூட்டுக்கு எவன் சோறு போடுவான்?"

தண்டபாணி பீடியைக் கடித்தார். ரோந்துப் படகு உரசி நிற்க, அதிகாரி ஏறி வந்தார்.

"சாக்குக்கு அடியில என்னய்யா?"

தண்டபாணியே சாக்கை விலக்கினார். "வலைல மாட்டிச்சு சார். கேஸு எழுதிக்கோ. அது முழிக்கிற வரைக்கும் தண்ணில மட்டும் எறக்காத."

அதிகாரியும் காத்து நின்றார். வெயில் ஏறியது. திடீரென்று ஆமை தலையைத் தூக்கி, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"ஐய, பார்றா!" என்று ரஞ்சித்தே கத்திவிட்டான்.

துடுப்புக்கால்கள் நன்றாக அடிக்கத் தொடங்கியதும் என்ஜினை நிறுத்தி மெல்ல இறக்கினோம். போய்விட்டது. அதிகாரி கேஸை எழுதினார். ஆமை தப்பிக்க வழி வைக்காத வலை, கரைக்குப் பக்கத்தில் இழுத்தது, எல்லாம் சேர்த்து.

துறைமுகத்தில் படகு முதலாளி செங்குட்டுவன் கோபத்தில் குதித்தார். "கடாசியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதேய்யா!"

"ஆம போறதுக்கு ஓட்ட வச்ச வலை குடு, ஓட்றேன்."

"அது வழியா மீனும் பூடும்!"

"போனா போவட்டும். இல்லாங்காட்டி வேற ஆள பாரு."

வேறு ஆளைப் பார்த்துவிட்டார். தண்டபாணி இப்போது தூண்டில் படகில் கூலிக்குப் போகிறார். கோர்ட்டு வாய்தா நாளில் அதுவும் இல்லை. செங்குட்டுவனின் படகு அதே வலையோடு கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.