கோல்பெய்ன் பூட்ஸுக்குள்ள விழுந்த உருளைக்கிழங்கு

வடகோடியில பனிக்கடலோரமா இருக்கற எங்க ஊரு ஹூசாவிக்ல எந்தச் சேதியும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியிலதான் வேகும். கழுத்து வரைக்கும் சுடுதண்ணி, தலை மேல பனி, வாய் மட்டும் சும்மா. அது எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? போன டிசம்பர்ல அங்க வெந்தது இதுதான்: சர்ச்சுல ஏழைங்களுக்குக் கிறிஸ்துமஸ் பொட்டலம் கட்டற ஸ்டெய்ன்வர், வீடு வீடா ஜன்னலைத் தொறந்து, புள்ளைங்க ஷூவுல இருந்த பரிசையெல்லாம் திருடிட்டு, பதிலுக்கு உருளைக்கிழங்கைப் போட்டுட்டுப் போயிட்டாளாம். "சே, இருக்காது"ன்னு ஒவ்வொருத்தனும் சொன்னான். சொல்லிட்டு, தன் பங்குக்கு ரெண்டு வீட்டையும் சேத்துக்கிட்டான்.

நடந்தது என்னன்னு நான் சொல்றேன். அது நடந்த கடையில, பேட்டரி வாங்க வரிசையில நின்னவன் நான்.

ஸ்டெய்ன்வர் உக்காந்து நான் பாத்ததில்ல. மீன் கம்பெனியில முப்பது வருஷம் நின்னுக்கிட்டே மீன் அறுத்தவ. காபியும் நின்னுக்கிட்டேதான் குடிப்பா. புருஷன் செத்தன்னிக்குக்கூட, துக்கத்துக்கு வந்தவங்க குடிச்ச கப்பைக் கழுவிக்கிட்டுதான் நின்னா. அவளுக்குக் கையில வேலை இல்லேன்னா ஒடம்பு அரிக்கும்.

இந்த ஷூ விஷயம் இருக்கே, கிறிஸ்துமஸுக்கு முன்னால பதிமூணு நாளு, நாளைக்கு ஒருத்தனா மலையிலேருந்து குறும்புக்காரக் கிழவனுங்க இறங்கி வருவானுங்க. நல்ல புள்ளைன்னா ஜன்னல்ல வெச்ச ஷூவுல சின்னதா ஏதாச்சும் வைப்பானுங்க. சேட்டை பண்ணின புள்ளைக்கு உருளைக்கிழங்கு. வாங்கி வைக்கறது என்னமோ அப்பன் ஆத்தாதான். அந்த 'சின்னதா'ங்கறதுலதான் வந்துச்சு வினை. ஊருல இருக்கற ஒரே பெரிய கடை கோல்பெய்னோடது. அவன் கண்ணாடி ஜன்னல்ல தொடை ஒசரத்துக்கு ஒரு பூட்ஸை நிக்க வெச்சு, அதுல ஒரு டேப்லெட்டைச் சொருகி, மேல போர்டு மாட்டினான்: 'ஷூவுல கச்சிதமா அடங்கும்!'

அடங்குச்சு. பாதி ஊரு வாங்குச்சு.

ஒரு நாளு சர்ச் கூடத்துல ஸ்டெய்ன்வர் பொட்டலம் கட்டிக்கிட்டிருக்கா. மீன் கம்பெனியில வேலை பாக்கற டாக்ரூன் வந்து நின்னா. புருஷன் இல்லாதவ, ஆறு வயசுல சால்கான்னு ஒரே பொண்ணு.

"ஸ்டெய்ன்வர், எனக்கு இந்த வருஷம் பொட்டலத்துல ஆட்டுத் தொடை வேணாம். அதுக்குப் பதிலா ஷூவுல வைக்கற மாதிரி ஏதாச்சும் குடுங்க."

"ஏண்டி, பண்டிகைக்கு என்னத்தத் திம்பீங்க?"

"வகுப்புல ஒருத்திக்கு டேப்லெட்டாம், ஒருத்தனுக்கு ஹெட்போனாம். என் பொண்ணுக்கு கமலா ஆரஞ்சு. 'நான் என்னம்மா தப்பு பண்ணேன்'னு கேட்டா. அப்புறம் பேச்சையே நிறுத்திட்டா. தட்டு கழுவறா, துணி மடிக்கறா, சொல்லாமலே போய்ப் படுக்கறா. நல்ல புள்ளை ஆகறாளாம். பாக்க சகிக்கல."

ஸ்டெய்ன்வர் கூடத்தை ரெண்டு சுத்து சுத்தினா. கிழிஞ்ச பையிலேருந்து உருண்ட கிழங்கைப் பொறுக்கி கோட்டுப் பையில போட்டா. போட்டவ அப்படியே வெளிய நடந்தா. பின்னால டாக்ரூன் கத்தினா, "வேணாம்! கோல்பெய்ன்தானே தொடை தர்றவன்!"

அதான் விஷயம். நாப்பது பொட்டலத்துக்கும் புகை போட்ட ஆட்டுத் தொடை கோல்பெய்ன் தருமம். அது இன்னும் வந்து சேரல.

கடையில ஒரே கூட்டம். அவ வரிசையைத் தள்ளிக்கிட்டு முன்னால வந்தா.

"கோல்பெய்ன், அந்த போர்டைக் கழட்டு."

"ஏன், ஒரு வணக்கம் கிடையாதா?"

"கழட்டு, சொல்றேன்."

"அந்த போர்டு வித்துக் குடுக்கற காசுலதாம்மா உன் சர்ச்சுக்கு ஆடு வருது. வானத்துலேருந்து குதிக்குதுன்னு நெனச்சியா?"

வரிசை சிரிச்சுது. நானும்தான்.

"ஒரு சின்னப் புள்ளை, தான் கெட்டவள்னு நெனச்சு வாயடைச்சுப் போயி கெடக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண? அவங்கம்மாவ வரச் சொல்லு. தள்ளுபடி போட்டுத் தர்றேன்."

ஸ்டெய்ன்வர் வாசலுக்குப் போனா, திரும்பி வந்தா, மறுபடி போனா. திடீர்னு ஜன்னலுக்குள்ள ஏறி, பூட்ஸுலேருந்து டேப்லெட்டை உருவி கல்லாமேல வெச்சா. கோட்டுப் பையிலேருந்து ஒரு கிழங்கை எடுத்து பூட்ஸுக்குள்ள போட்டா. டொக்குன்னு சத்தம்.

"இது உனக்கு, கோல்பெய்ன். இந்த வருஷம் உன் நடத்தை சரியில்ல."

இந்த ஊருல இதுக்கு அர்த்தம் தெரியாத தொட்டில் கொழந்தைகூட கிடையாது. சிரிப்புல கடையே குலுங்குச்சு. கோல்பெய்ன் மூஞ்சி புகை போட்ட சால்மன் மாதிரி செவந்துடுச்சு.

"சரி, உன் பொட்டலத்துலயும் அந்தக் கிழங்கையே வெச்சுக் குடு!"ன்னான்.

சொன்னபடியே செஞ்சான். தொடை வரல. ஸ்டெய்ன்வர் அந்த வாரம் முழுக்க படகுக்காரன் வீடு, பண்ணைக்காரன் வீடுன்னு அலைஞ்சா. பண்ணைக்காரங்க ஆட்டையெல்லாம் முன்னாடியே வித்துட்டாங்க. மீன்தான் கெடச்சுது. வாங்கின பெரிய பரிசை ரெண்டு மூணு பேரு கூச்சப்பட்டுக் கடையிலயே திருப்பிக் குடுத்து, ஷூவுல ஆரஞ்சு வெச்சாங்க. மத்தவங்க வழக்கம்போல. ஆனா சால்கா வகுப்புல இன்னொரு ஆரஞ்சுக்காரி மொளைச்சா. ரெண்டும் தோலை உரிச்சுக்கிட்டே வழி முழுக்க வாய் ஓயாம பேசிக்கிட்டுப் போச்சுங்க.

ஜனவரியில தொட்டிக்குள்ள பேச்சு அப்படியே திரும்பிருச்சு. திருடியா இருந்தவ புனிதவதி ஆயிட்டா. நானும் விடல. "ஊருக்கே புத்தி சொல்லத்தான் தெய்வம் அவளை அனுப்பிச்சு"ன்னு இழுத்துக்கிட்டிருந்தேன். பின்னால யாரோ தண்ணியில இறங்கற சத்தம். ரப்பர் தொப்பியோட ஸ்டெய்ன்வர். தொட்டியிலகூட நின்னுக்கிட்டுதான் இருந்தா.

"நான் எந்த வீட்டுக்கும் போகல. எதையும் திருடல. ஒரு கிழங்கு, ஒரு பூட்ஸு. புத்தியும் சொல்லல, கோவத்துல போட்டேன். என் கோவத்தால நாப்பது வீடு பண்டிகைக்கு ஆட்டுக்கறி இல்லாம மீனைத் தின்னுச்சு. சொல்றதா இருந்தா அதையும் சேத்துச் சொல்லு."