தொட்டிலறையில் ஒரு கிண்ணம் தண்ணீர்

எங்கள் தையல் ஆலையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சட்டையில் எந்தப் பாகத்தைத் தைக்கிறோமோ அதுதான் பெயர். "பாக்கெட்டுக்குத் தலைவலியாம், காலர் கோவமா இருக்கா, அவகிட்டப் போகாத" என்று பேசிக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் அவர்களும் கையாகவோ பட்டன் பட்டியாகவோ ஆகிவிடுவார்கள். நான் பாக்கெட். பக்கத்து மெஷினில் இருப்பவள் காலர். இது காலரின் குழந்தையைப் பற்றிய கதை போலத் தெரியும். நான் சொல்ல வந்தது கீழே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டிலக்காவைப் பற்றி.

தொட்டிலக்கா முன்பு எங்களோடு மேலே காஜா போட்டுக்கொண்டிருந்தவள். பட்டன் துளை போடுவதற்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும். அவளுக்குப் பார்வை மங்கியதும் துணிக் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டிலறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அறையில் வரிசையாகத் தொட்டில்கள், தரையில் ஒரு பாய், பால் கொடுப்பதற்குத் திரை கட்டிய ஒரு மூலை, சுவரில் சில சுவிட்சுகள். குழந்தை பசித்து அழுதால் சுவிட்சைப் போட வேண்டும். மேலே அந்தத் தாய் உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு மேல் சிவப்பு பல்பு எரியும். அவள் எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு முதலில் அந்தப் பல்பைத்தான் காட்டுவார்கள்.

பல்பு எரிந்த பிறகு நடப்பதைக் காட்ட மாட்டார்கள். ஒரு சட்டை எங்கள் வரிசையில் கை மாறிக் கை மாறித்தான் போகும். காலர் எழுந்து போனால் அவள் மேசையில் துணி மலை மாதிரி குவியும். அடுத்து இருப்பவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான், சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்துவிடுவார். "மகாராணி எறங்கிப் போயாச்சா? மத்தவங்க எல்லாம் தாளம் போடுங்க" என்பார். அந்த ஆளைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம். எழுதினால் என் வாய் நாறிவிடும், விடுங்கள்.

அக்காவும் அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். அவள் மகள் அதே அறையில் தொட்டிலில் கிடந்த காலத்தில் ஒரு நாள் பல்பு காலையிலேயே மறுபடி மறுபடி எரிந்தது. "உன் பொண்ணுக்கு வயிறா கெணறா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாராம். அதற்குப் பிறகு பல்பு எரிந்தாலும் கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போகலாம் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சில வாரங்களில் பாலும் நின்றுபோனது. "எங்க வம்சத்துக்கே பால் கொறைச்சல், என்ன பண்றது" என்று சிரித்தபடி சொல்லுவாள்.

ஆகவே தொட்டிலறைக்குப் போனபோதே மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டுதான் போனாள். தன்னால் எந்தப் பெண்ணும் அந்த ஆளின் வாயில் விழக்கூடாது. குழந்தை அழுதால் முதுகைத் தட்டுவாள், தோளில் போட்டு நடப்பாள், வாயாலேயே மெஷின் ஓடுகிற மாதிரி சத்தம் போட்டுக் காட்டுவாள். எதற்கும் மசியாத குழந்தைக்கு, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனால் புகட்டுவாள். பக்கவாட்டில் இறக்கிய அந்த அறையின் தகரக் கூரையில் வெயில் அனலாக இறங்கும். நமக்கே நா வறளும்போது பச்சைப் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா என்பது அவள் கணக்கு. வயிறு நிறைந்த குழந்தை மதிய மணி அடிக்கும் வரை தூங்கும். பல்பு எப்போதாவதுதான் எரியும்.

எங்களுக்கெல்லாம் ஏக சந்தோஷம். அக்காவுக்குக் கைராசி, அவள் தொட்டால் அழுகிற பிள்ளை அடங்கிவிடும் என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசர்கூட ஒரு நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ரூம்ல சத்தமே இல்லையேம்மா, பலே" என்றார். அந்த 'பலே'யை அக்கா வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னாளாம். மனுஷி தானே, கொஞ்சம் தலைக்கேறத்தான் செய்யும்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் காலர் பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்தாள். தலைச்சன் பிள்ளை. கன்னம் இரண்டும் உப்பிப்போய் கொழுகொழுவென்று இருந்தான். காலரோ வாயாடி. பையன் கொட்டாவி விட்டதைக்கூட ஒரு மணி நேரம் சொல்லுவாள். முதல் சில நாட்கள் மதிய மணிக்கு முன்பே பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடுவாள். பையன் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"என்னக்கா இது, என்னைக் கண்டா இவனுக்குப் பிடிக்கலையா?"

"வளர்ற பிள்ள, விளையாட்டுப் புத்தி. பசிச்சா தானா குடிப்பான், போ" என்று அக்கா சமாதானம் சொல்லுவாள். தான் தண்ணீர் கொடுத்ததற்கும் பையன் முகத்தைத் திருப்புவதற்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் என்னிடம் அவள் சத்தியம் செய்து சொன்னது இது. நான் நம்புகிறேன்.

கொஞ்ச நாளில் காலரின் ரவிக்கை நனைவது நின்றது. வாயும் ஓய்ந்தது. மெஷினை ஓட்டிக்கொண்டே ஒரு கையால் மாரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

எடை பார்க்கும் நர்ஸ் மாதம் ஒரு முறை வருவாள். பையனைத் தராசில் போட்டதும் அவள் முகம் மாறியது. போன தடவை இருந்ததைவிட இறங்கியிருந்தது. வீட்டில் எத்தனை தடவை பால் கொடுக்கிறாய், நன்றாகச் சப்புகிறானா என்று காலரைக் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீங்க இடையில தண்ணி, சக்கரத்தண்ணி ஏதாவது குடுக்குறீங்களாம்மா?"

"சேச்சே" என்றாள் அக்கா.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நர்ஸ் கேட்ட தொனியிலேயே அது தப்பான காரியம் என்று புரிந்துவிட்டது. புரிந்த அதே நொடியில் வாய் முந்திக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணம் அவள் முதுகுக்குப் பின்னால் தட்டு போட்டு மூடி இருந்தது. நர்ஸ் காலரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், எவ்வளவு வெயில் அடித்தாலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை அடைத்துக்கொள்ளும், பிள்ளை சப்ப மாட்டான். அவன் சப்பச் சப்பத்தான் பால் ஊறும், சப்பவில்லையென்றால் குறைந்துகொண்டே போகும்.

அக்கா துணியை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். எங்கள் வம்சத்துக்கே பால் குறைச்சல் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்ததாம். வம்சம் என்ன பாவம் செய்தது. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அன்றோடு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும், வேலைக்கும் ஆபத்தில்லை என்று நினைத்தாள். கெட்ட காரியத்தைச் சத்தமில்லாமல் செய்தவள், நல்ல காரியத்தையும் சத்தமில்லாமல் செய்யப் பார்த்தாள். மறுநாளிலிருந்து எங்கள் வரிசையில் பல்பு எரிந்தது எரிந்தபடி இருந்தது. காலர் இறங்கி ஓடுவாள். தண்ணீர் இல்லாததால் பையன் ஆவேசமாகக் கவ்வுவான், குறைந்துபோன பால் சீக்கிரம் தீர்ந்துவிடும், வீறிட்டு அழுவான். காலர் என்ன நினைப்பாள்? தன்னிடம் பால் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தாள். மேலே வந்தால் சூப்பர்வைசர் பாட்டு. "இத்தன தடவ போயும் பிள்ள அழறான்னா உன்கிட்ட சரக்கில்லன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார் அந்த மனுஷன். காலர் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். ஊசி விரலில் ஏறியிருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். காலர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டதும் துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு காலையில் காலர் குழந்தையோடு பால் பவுடர் டப்பா ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வீட்டுல அவரும் சொல்லிட்டாருக்கா, இல்லாததுக்கு அழுது என்ன ஆகப்போகுதுன்னு. நீங்களே கரைச்சுக் குடுத்துடுங்க. எனக்குப் பார்க்க மனசு வரல." குனிந்து குழந்தையின் காலைத் தொட்டாள். "நல்லவேளை, இவனுக்கு நீங்களாவது இருக்கீங்க."

அக்கா டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். வெந்நீர் போட்டாள். ஸ்பூனைக் கழுவினாள். டப்பாவின் மூடியில் கையை வைத்தவளுக்கு அதைத் திறக்க வரவில்லை. இதைத் திறந்து பையன் வயிற்றை நிரப்பிவிட்டால், மிச்சம் மீதி ஊறுகிற பாலும் நின்றுவிடும். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டுக் காலரைக் கீழே கூப்பிடலாம். கூப்பிட்டால் திரைக்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி வாய் அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்ற தொட்டில்களைப் பார்த்துக்கொள்ளும்படி கிடங்குக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

தையல் கூடத்துக்குள் கைக்குழந்தை வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு மெஷினாக நின்றது. காலர் பதறி எழுந்தாள்.

"என்னக்கா, என்னாச்சு?"

"உனக்குப் பால் இருந்துச்சும்மா" என்றாள் அக்கா. "நல்லாவே இருந்துச்சு. நீ பேச்சு வாங்கக்கூடாதுன்னு நான்தான் பல்பு போடாம, தண்ணியக் குடுத்துக் குடுத்துத் தூங்க வச்சேன். அவன் வயிறு தண்ணியில ரொம்பிப்போச்சு, அதான் உன்கிட்ட குடிக்கல. நர்ஸம்மா கேட்டப்பக்கூட பொய் சொல்லிட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"வேலை நேரத்துல என்னம்மா இது கூத்து?" என்று சூப்பர்வைசர் வந்தார்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றாள் அக்கா, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் சும்மா இருந்தார். என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

காலர் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கத்துவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் வைத்திருப்பேன்.

"தினமும் கீழ இவனைத் தொட்டில்ல போட்டுட்டு, இவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்க்கா" என்றாள் காலர். "இந்த அம்மாவுக்கு வக்கில்லடா, மன்னிச்சுடுடான்னு. நீங்க பார்த்துட்டுதானே இருந்தீங்க?"

அக்கா எல்லாத் திட்டுக்கும் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை. என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். டப்பா திறக்கப்படவில்லை. அழும்போதெல்லாம், அழாதபோதும்கூட, மாரில் போடச் சொன்னாள், அடிக்கடி தராசில் போட்டும் பார்த்தாள். காலர் இல்லாத நேரங்களில் அவள் மேசைத் துணியை நானும் பட்டியும் பங்கு போட்டுத் தைத்தோம். என் காலர் கோணலாகத்தான் வரும், இருந்தாலும் வரிசை நிற்கவில்லை. சூப்பர்வைசர் முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பால் மெதுவாகத்தான் திரும்பி ஊறியது. எடையும் மெதுவாகத்தான் ஏறியது. நிர்வாகம் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது என்பதால் வீட்டுக்கு அனுப்பவில்லை. இப்போதெல்லாம் குழந்தை சிணுங்கினாலே சுவிட்சைப் போட்டுவிடுகிறாள். பல்பு எந்நேரமும் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

காலர் அவளிடம் பேச்சை நிறுத்தவில்லை. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், கேட்டதற்குச் சிரித்துக்கூடப் பதில் சொல்லுகிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

பையனுக்கு ஆறு மாதம் முடிந்ததும், இனிமேல் மசித்த சாப்பாடு கொடுக்கலாம், கூடவே ஒரு மடக்கு இரண்டு மடக்குத் தண்ணீரும் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மதியம் பையனை வாங்கிக்கொள்ளக் காலரும் நானும் கீழே இறங்கினோம். அக்கா தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"நர்ஸம்மா இனிமே தண்ணி குடுக்கலாம்னு சொன்னாங்களேம்மா. சாப்பாடு ஊட்டினதும் நான் ரெண்டு மடக்கு குடுக்கட்டுமா?"

காலர் பையனின் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"சாப்பாடு நீங்க குடுங்கக்கா. தண்ணி மட்டும் நானே வந்து குடுத்துக்கறேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த தொட்டிலை ஆட்டப் போனாள்.