தேசிங்கு கேட்ட கடைசிக் கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை, திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது கஸ்தூரி போன் செய்தாள். "அண்ணா, அவரு பூட்டாரு" என்றாள். ராத்திரியே இதயம் நின்றிருந்ததாம். அவள் புருஷன் தேசிங்கு நம் கம்பெனியில் வெல்டராக இருந்தவன். அவனோடு ஷிப்டில் நின்ற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவனைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள் நம்மில் உண்டு.

நான்கு வருடங்களுக்கு முன் கம்பெனி எண்ணெய்த் தொட்டியைக் கழுவ இறங்கிய நம் ஷிப்ட் மூர்த்தி விஷவாயுவில் சிக்கிக்கொண்டான். உள்ளிருந்து இரும்புச் சுவரைத் தட்டினான். முகமூடிகூட இல்லாமல் இறங்கப் பாய்ந்த தேசிங்கை நான்தான் இடுப்போடு கட்டிப் பிடித்தேன். விட்டிருந்தால் இரண்டு பிணம். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

தேசிங்குக்கு நிற்கவில்லை. வீட்டுச் சுவரில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது. பிறகு மூர்த்தி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவும் கேட்க ஆரம்பித்தது. கஸ்தூரி தர்காவில் மந்திரிக்க வைத்தாள், வேப்பிலை அடிக்கச் சொன்னாள். ஒரு நாள், உள்ளே ஆள் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சம்மட்டியால் உடைத்துவிட்டான்.

அதற்குப் பிறகே அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். இது பேயுமில்லை, நடிப்புமில்லை என்றார் டாக்டரம்மா. அதிர்ச்சியைத் தாங்க முடியாத மனம் சில சமயம் அதே சத்தத்தைத் திரும்ப எழுப்பும், அவன் காதுக்கு அது நிஜம், அவனோடு சண்டை போடாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

மாத்திரையில் சத்தம் அடங்கியது. மூன்று மாதம் தூங்கினான், வேலைக்குக்கூட வந்தான். பிறகு அவனாகவே மாத்திரையை நிறுத்திவிட்டான். ஏன் என்று கத்தினேன்.

"அவன் தட்டிக்கினு இருந்தா இன்னும் உசுரோட கீறான்னு அர்த்தம் நைனா. நானே அவன் வாயைப் பொத்தணுமா?"

சோறும் தூக்கமும் இல்லாமல் அவன் கரைந்துகொண்டே போனான். மறுபடி மருத்துவமனைக்கு இழுத்துப் பார்த்தோம், வரவில்லை.

போன மாதம் பார்க்கப் போனபோது, தெளிவாகத்தான் பேசினான். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அன்னிக்கு அவன் தட்டுனது உனுக்கும் கேட்டுச்சில்ல?"

ஆமாம் என்றால் நோய் முற்றிவிடும் என்று பயந்தேன். அது மட்டுமில்லை. அவனைப் பிடித்து நிறுத்தியவன் நான். இல்லை என்றேன். கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கேட்டது, தேசிங்கு. எனக்கும் கேட்டது. உன்னைத் தனியாக விட்ட அந்த ஒரு பொய்தான் இனி என்னோடு இருக்கும்.